சாவி வாங்கியவள்

"உங்களுக்குத்தான் வீடு கொடுத்தாச்சேம்மா."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். இந்தப் பக்கம் நின்ற பெண், அவர் வேறு யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தான். கீழ்த்தள வீடு. சக்கர நாற்காலி போறதுக்கு வசதியா கட்டினது. போன மழைக்காலத்துலயே சாவி வாங்கியிருக்கீங்க."

"நான் வாங்கலையே சார்."

"வாங்கினதாத்தான் இருக்கு. அது தெரியாம இவ்வளவு நாளும் வாடகை உதவி வேற உங்களுக்குப் போயிருக்கு. இந்த மாசம்தான் கண்டுபிடிச்சு, அதை நிறுத்தி, பட்டியல்லயிருந்தும் பேரை எடுத்தாங்க. அரசாங்க வீட்டையும் வாங்கிட்டு, வேற வீட்டுக்கு வாடகையும் வாங்கினா எப்படிம்மா? கொஞ்சம் தள்ளுங்க. அடுத்தவங்க வாங்க."

அவள் தள்ளிக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. பல வருடங்களாக வந்து வந்து உட்கார்ந்த அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் உரிந்திருந்த வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் தன் எண் மேலே வந்துவிட்டதா என்று பார்க்க வரும்போதெல்லாம் பார்த்த சுவர்தான். இப்போது பட்டியலில் அவள் பெயரே இல்லை.

வெளியே வந்தபோது, எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த பலகை கண்ணில் பட்டது. வரிசையில் நிற்கும்போது எத்தனையோ தடவை படித்த பலகை. 'தனியார் துப்பறியும் நிலையம்'. அவள் படியேறினாள்.

*

அந்த நிலையத்தில் மொத்தம் இரண்டு பேர்.

ஒருவர் மேடம். வேறு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முன்பு காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில், உண்மையாகவே எரிந்த கடை எது, எரிக்கப்பட்ட கடை எது என்று பிரித்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். இன்னொருவன் அவருடைய உதவியாளன். கூரியர் கம்பெனியில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துப் பாதி ஆயுளைக் கழித்தவன். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

அந்தப் பெண் சொன்னதையெல்லாம் மேடம் குறுக்கிடாமல் கேட்டார். அவள் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். கணவர் உயரமான கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தவர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மற்றக் குடித்தனங்கள் எல்லாம் காலி செய்துவிட்டன. மாதக் கடைசிக்குள் இவர்களும் போயாக வேண்டும்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இன்னும் இல்ல. அவர்கிட்ட எதைச் சொன்னாலும், சரிம்பார். அவ்வளவுதான்."

"நீங்க கோபப்படவே இல்லையே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "படணும்னு தெரியுது மேடம். வர மாட்டேங்குது."

"வர்றப்போ வரட்டும்" என்றான் ரேடியோ. "எங்க மேடத்துக்குச் சிரிப்பு அப்படித்தான். பல வருஷமாப் பட்டியல்ல காத்துக்கிட்டு இருக்கேன்."

மேடம் சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் ரேடியோவுக்கே பேச்சு நின்றுபோனது.

ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. அறையின் எல்லாக் கதவு நிலைகளிலும் முழங்கால் உயரத்தில் வண்ணம் பெயர்ந்து, மரம் வெள்ளையாகத் தெரிந்தது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். கைப்பிடிகளில் வெள்ளைத் துணி இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பச்சைக் கரை.

"ஆஸ்பத்திரியில கிழிஞ்ச படுக்கை விரிப்பைக் கழிச்சுப் போடுவாங்க. அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து நான்தான் சுத்தினேன்" என்றாள் மனைவி. "இல்லன்னா இவருக்கு முழங்கை புண்ணாயிடும்."

மேடம் கணவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சரி" என்றார்.

"நாற்காலி புதுசு மாதிரி இருக்கே?"

"போன வருஷம் ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க" என்றாள் மனைவி. "பழசை இவர் இரும்புக்கடைக்காரங்கிட்ட போட்டுட்டாராம். நான் வேலைக்குப் போயிருந்தேன்."

"குடும்பத்துல வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல" என்றார் கணவர். அந்தப் பதில் மட்டும் வேகமாக வந்தது.

"ஏங்க, உங்க தங்கச்சி இருக்காளே" என்றாள் மனைவி. பிறகு மேடத்திடம், "வெளியூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. வரவு போக்கு கிடையாது. எப்பவாவது போன்ல பேசறதோட சரி" என்றாள்.

கீழே இறங்கும்போது ரேடியோ சொன்னான்: "மேடம், இது ஆபீஸ்ல உள்ள ஆள் வேலை. புரோக்கர் ஒருத்தன், குமாஸ்தா ஒருத்தன். ஏமாந்தவங்க பேருல வீட்டை வாங்கி வேற யாருக்கோ தள்ளி விட்டிருக்காங்க. கூண்டோட பிடிச்சிடலாம்."

"முதல்ல வீட்டைப் பிடி."

"அதை ஆபீஸ்ல சொல்ல மாட்டாங்களே."

"உன்னை எதுக்கு வச்சிருக்கேன்?"

*

ரேடியோ ஒரு காலி அட்டைப்பெட்டியை ஒட்டி, அதன்மேல் இஸ்திரிக்காரப் பெண்ணின் பெயரை எழுதினான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த அரசுக் குடியிருப்புக்குள் நுழைந்தான். எல்லாக் கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. காவல்காரரிடம் பெட்டியைக் காட்டி, "வீட்டு நம்பர் அழிஞ்சு போச்சுண்ணே" என்றான். அவர் பெயரைப் படித்துவிட்டு, சாய்தளம் வைத்த கடைசிக் கட்டடத்தைக் கையால் காட்டினார்.

"பெட்டிக்குள்ள என்ன?" என்று கேட்டார் பின்னால் வந்த மேடம்.

"காத்து. சேதாரம் ஆகாம கொண்டு வந்திருக்கேன்."

கதவைத் திறந்தவள் இளம்பெண். கதவைப் பாதிதான் திறந்தாள். மறுபாதியைக் காலால் தடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி நிற்பது பழகிப்போனவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே இரண்டு பள்ளிக்கூடப் பைகள் ஆணியில் தொங்கின.

மேடம் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. "சக்கர நாற்காலி வச்சிருக்கற வீடுகளுக்கு வந்துட்டிருக்கோம்மா. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுத் தருவோம். காசு கிடையாது."

ரேடியோ திரும்பி அவரைப் பார்த்தான். எண்ணெய் யாரிடமும் இல்லை.

"அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு" என்றாள் அந்தப் பெண்.

"நாற்காலி?"

"உள்ள இருக்கு."

"நாற்காலியை விட்டுட்டு எப்படிம்மா போனாரு?" என்று கேட்டான் ரேடியோ.

"அங்கயே வேற நாற்காலி இருக்கு. வண்டியில வந்து தூக்கிட்டுப் போனாங்க." பாடம் ஒப்பிக்கிற குரல். ஆனால் தடுமாறவில்லை.

அவள் காலை எடுத்து வழி விட்டாள். மேடம் உள்ளே போனார். வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அகலமான கதவுகள், தாழ்வாக வைத்த விளக்கு சுவிட்சுகள், குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. அந்தக் கம்பியில் குழந்தைகளின் உள்சட்டைகள் காய்ந்தன. அறை மூலையில் மடித்துவைத்த சக்கர நாற்காலி. மேடம் அதை விரித்தார். குனிந்து பார்த்தார். கைப்பிடியை ஒரு தடவை தொட்டார். மறுபடியும் மடித்து வைத்தார்.

"எண்ணெய் தேவைப்படல. நல்லா இருக்கு" என்றார்.

அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் சரியாகச் சேராத எலும்போடு வளைந்திருந்தது. "வேற யாராச்சும் எங்க வீட்டைப் பத்திக் கேட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டாள். "ஒரு ஆம்பள?"

"இல்லம்மா."

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு இன்னொரு தாழ்ப்பாள்.

*

பஸ் நிறுத்தத்தில் ரேடியோ பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டான். அது அமுங்கியது.

"காத்து போச்சு" என்றான். "மேடம், எனக்கென்னவோ இவளைப் பார்த்தா நிஜம் மாதிரிதான் இருக்கு. நாற்காலி இருக்கு, குழந்தைங்க இருக்கு. ஒரே பேருல ரெண்டு பேர் இருந்து, ஆபீஸ்ல குழப்பிட்டாங்களோ?"

"அந்த வீட்டுல கதவு நிலையைப் பார்த்தியா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. புதுசா வண்ணம் அடிச்ச மாதிரி."

"ஒரு வருஷமா ஆள் இருக்கற வீடு. சக்கர நாற்காலி தினமும் போய் வந்தா, நிலை அப்படி இருக்குமா? இஸ்திரிக்காரம்மா வீட்டுல முழங்கால் உயரத்துல எல்லா நிலையும் பெயர்ந்து கிடக்கு."

ரேடியோ யோசித்தான். "அப்போ அந்த நாற்காலி ஓடவே இல்ல."

"ஓடல. யாராவது வந்து பார்த்தா காட்டறதுக்கு வச்சிருக்கா."

"அப்போ புரோக்கர்தான். அவன்தான் நாற்காலியும் சேர்த்துக் கொடுத்திருப்பான்."

"நாற்காலி யார் கொடுத்ததுன்னு கேக்கத்தான் இப்பப் போறோம்."

"எங்க?"

"மூணாவது மாடிக்கு."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான். "அந்தம்மா மத்தியான வேலை முடிஞ்சு வந்தப்புறம் போலாமே. இப்ப வீட்டுல அவர் மட்டும்தான் இருப்பாரு."

"அதனாலதான் இப்ப போறோம்."

*

கணவர் காலையில் இருந்த அதே இடத்தில் இருந்தார். வெயில் மட்டும் இடம் மாறியிருந்தது.

மேடம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "வீட்டைப் பார்த்துட்டு வந்தோம். மூலையில ஒரு பழைய நாற்காலி இருக்கு. கைப்பிடியில வெள்ளைத் துணி, பச்சைக் கரை. இதோ இந்தத் துணிதான். சுத்தின விதமும் இதேதான். உங்க வீட்டம்மா கை."

ரேடியோவின் வாய் திறந்து மூடியது.

"இரும்புக்கடைக்குப் போன நாற்காலி அங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் மேடம்.

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு பேசினார்.

"என் தங்கச்சி அவ."

"தெரியும். யாரும் இல்லன்னு நீங்க வேகமாச் சொன்னப்பவே சந்தேகம். அவ விரலையும் பார்த்தேன். யாரு பண்ணினது? மாப்பிள்ளையா?"

"ஆமா. ஒருநாள் காலையில ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு இங்க வந்து நின்னா. என் பொஞ்சாதி வேலைக்குப் போயிட்டா. அவன் தேடி வந்தா முதல்ல இங்கதான் வருவான். எங்க போறதுன்னு அழுதா. அன்னைக்கு ஆபீஸ்லயிருந்து போன் வந்துச்சு, வீடு தயார்னு. நான் கீழ இறங்க முடியாதுன்னேன். இப்பவே ஆள் அனுப்பறோம், புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் இருங்கன்னாங்க." அவர் கைப்பிடித் துணியின் பச்சைக் கரையைத் தடவினார். "வந்தவன் போட்டோ எடுத்தான். கையெழுத்து வாங்கினான். பக்கத்துல என் பொஞ்சாதியா தங்கச்சி உட்கார்ந்திருந்தா. சாவி அவ கைக்குப் போச்சு, பழைய நாற்காலியும்."

"வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே. எல்லாரும் சேர்ந்து அங்க போயிருக்கலாம்" என்றான் ரேடியோ. அவன் குரலில் கேலி இல்லை.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

அவர் தன் கால்களைப் பார்த்தார், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

"தங்கச்சிக்காகன்னு சொன்னா நல்லா இருக்கும். பாதி அதுதான். மீதி பாதி நான்தான். கீழ்வீடு கிடைச்சா வெளிய போகணும். இவ தள்ளிட்டுப் போவா. கடைத்தெருவுல கூட வேலை பார்த்தவங்க பார்ப்பாங்க, நின்னு விசாரிப்பாங்க. இங்க இருந்தா போக முடியாதுன்னு சொல்லிக்கலாம். கீழ்வீட்டுல இருந்தா என்ன சொல்றது? இவ ஒவ்வொரு தடவையும் அந்த ஆபீஸுக்குப் போயிட்டு வந்து, நம்ம எண் மேல வருதுங்கன்னு சொல்லுவா. நான் சரின்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். எண் வரக்கூடாதுன்னு இருக்கும்."

மேடம் எழுந்தார். "நான் உங்க வீட்டம்மாவுக்கு வேலை பார்க்கறேன். இதை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். நீங்க கொஞ்சம் இருங்க."

*

அவள் வந்தாள். கைகால் கழுவிவிட்டு, வழக்கம்போலத் துவைத்த துணிகளை எடுத்துவைத்து மடிக்க ஆரம்பித்தாள். அவர் சொன்னார். முதலிலிருந்து கடைசிவரை, எதையும் விடாமல். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரு துணிகூடக் கோணவில்லை.

முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னைக்கு அவ என் நீலச் சேலையைத்தான் கட்டியிருந்தாளா?"

"ஆமா. கட்டிட்டு வந்த துணியெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு."

"மடிப்பு மாறி இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல நான்தான் அப்படி மடிச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்." அவள் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "நான் புகார் கொடுத்தா என்ன ஆகும்?"

"உங்க நாத்தனாரை வெளிய அனுப்புவாங்க. ஆனா ஏமாத்திக் கையெழுத்துப் போட்டது உங்க வீட்டுக்காரர். அதனால வீடு உங்களுக்கும் வராது. திரும்ப எழுதிப் போட்டாலும் பட்டியல்ல சேர்க்க மாட்டாங்க."

"கொடுக்கலன்னா?"

"மாதக் கடைசியில தெருவுல நிப்பீங்க."

ரேடியோ தொண்டையைக் கனைத்தான். "மேடம், வீடு யார் பேருல இருக்கு?"

"இவங்க பேருல."

"அப்போ இவங்களே அங்க போய் இருந்தா யாரு கேக்கப் போறாங்க?"

மேடம் அவனைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"இவன் சொல்றது சரிம்மா" என்றார். "பேரு உங்களுது. கையெழுத்து உங்க வீட்டுக்காரருது. வீடு கட்டினது இவருக்காக. நீங்க ரெண்டு பேரும் போய் இருந்துட்டீங்கன்னா, இருக்க வேண்டியவங்க இருக்காங்கன்னு ஆகும். நடந்தது தப்பு இல்லன்னு ஆகிடாது. ஆனா உங்களுக்குன்னு வந்த வீடு உங்ககிட்ட வந்து சேரும்."

"போட்டோ?" என்று கேட்டாள் மனைவி.

"போட்டோ மாறிப்போச்சுன்னு எழுதிக் கொடுங்க" என்றான் ரேடியோ. "அந்த ஆபீஸ்ல ஒரு போட்டோ மாறாம இருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க."

"அவளும் பிள்ளைங்களும்?" என்றார் கணவர்.

மனைவி மடித்த துணிகளை அலமாரிக்குள் வைத்தாள். "பிள்ளைங்களை வெளிய தள்ளிட்டு நான் உள்ள போவேன்னு நினைச்சீங்களா? எல்லாரும் இருக்கலாம். நெருக்கமா இருக்கும், இருந்துக்கலாம். அவகூட எப்படிப் பேசறதுன்னுதான் தெரியல. உங்ககூடவும்."

"நான் வரணுமா?"

அவள் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, அதில் கை வைத்தபடியே நின்றாள்.

"என் வேலை முடிஞ்சு இந்த மாடி ஏறி ஏறி எனக்கு முட்டி போச்சு. வெயில், மழை பார்க்காம அந்த பெஞ்சுல போய் உட்கார்ந்தேன். உங்களுக்காகன்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எனக்காக உட்கார்ந்திருப்பேன்." குரல் உயரவில்லை. "நாளைக்கு நான் போறேன். வர்றதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை என்கிட்டயே சொல்லுங்க."

அவர் ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தார்.

"வர்றேன்" என்றார் அவர்.

அவள் ரேடியோவைப் பார்த்தாள். "அண்ணா, இவரை இறக்கறதுக்கு ஆள் கிடைக்குமா?"

"கூரியர்ல பீரோவையே சுமந்த பயலுங்க இருக்காங்கம்மா. இவர் எம்மாத்திரம்."

*

மறுநாள் காலை ரேடியோவின் பழைய கூட்டாளிகள் வந்தார்கள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். "இடது பக்கம் தூக்கு", "மெதுவா, திருப்பம் வருது" என்று ரேடியோ முன்னால் நடந்து வழி சொல்லிக்கொண்டே வந்தான். கணவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. மனைவி பின்னால் இரண்டு மூட்டைகளோடு வந்தாள். அவர்களுக்குள் அன்றைக்கு ஒரு பேச்சும் இல்லை.

கீழே, நடைபாதையில் நாற்காலியை வைத்துக் கயிற்றை அவிழ்த்தார்கள். வாடகை வண்டி இன்னும் வரவில்லை. ரேடியோ அதைப் பார்க்க முனைக்குப் போனான். மேடம் எதிர்ப்பக்க நிழலில் நின்றிருந்தார். மனைவி மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, மேலே மறந்து வந்த எதையோ எடுக்கத் திரும்பவும் படியேறினாள்.

அவர் தெருவில் தனியாக இருந்தார்.

கண்ணைத் திறந்தார். வெளிச்சம் கூசியது. பள்ளிக்குப் போகிறவர்கள், காய்கறி வண்டி, கைபேசியில் பேசிக்கொண்டே நடக்கிறவர்கள் என்று தெரு முழுக்க ஆட்கள். அவர் கைகள் மடியில் இறுகின.

ஒருவர் அவருக்கு நேராக வந்து நின்றார். கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். அவருடைய வண்டி நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் மாட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நகர்றீங்களா? வண்டியை எடுக்கணும். லேட் ஆகுது."

அவ்வளவுதான். கால்களைப் பார்க்கவில்லை, ஒன்றும் விசாரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

கணவர் மேலே படிக்கட்டைப் பார்த்தார். மனைவி இன்னும் வரவில்லை. தெரு முனையைப் பார்த்தார். ரேடியோ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

அவர் இரண்டு கைகளையும் சக்கரங்களில் வைத்து, தானே தள்ளி, வழி விட்டார்.